நிதானம் கற்ற இருதயம்

1966-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் தேதி இலங்கையின் தலைமன்னார்க் கரையில் கடலில் இறங்கிய மிஹிர் சென் என்னும் கல்கத்தா வழக்கறிஞர், இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைவர, பகலும் இரவும் நீந்தி, 1964 டிசம்பரில் அடித்த புயலால் ஊர் என்று சொல்ல ஏதும் மிஞ்சாமற் போயிருந்த தனுஷ்கோடியின் மணலில் மறுநாள் கால் வைத்தபோது, 25 மணி 36 நிமிஷம் கழிந்திருந்தது. இவ்விரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் வரைபடத்தில் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் மன்னார் வளைகுடாவின் நீரும் பாக் நீரிணையின் நீரும் மணல் திட்டுகளின் இடைவழிகளில் மாறி மாறிப் பாய்கின்ற அந்த இடத்தில், நீந்துகிறவன் நேர்கோட்டில் செல்ல நீரோட்டம் விடுவதில்லை. அவருக்கு முன்பே, 1954-இல், யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தி வந்திருந்தார். 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போகவும் வரவுமாக இந்நீரிணையை 51 மணி நேரத்தில் கடந்தார். 1994-இல் குற்றாலீஸ்வரன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனும் இதை நீந்திக் கடந்து நாட்டை வியப்பில் ஆழ்த்தினான்.

இத்தகைய செய்திகளைப் படிக்குங்கால் தோளின் வலிமையையும் உள்ளத்தின் உறுதியையும் நாம் மெச்சுகிறோமேயன்றி, அத்தோள்கள் கேட்ட பிராணவாயுவை ஒரு நொடியும் தவறாது கொண்டு சேர்த்த, கைம்முட்டி அளவே உள்ள, ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள ஒரு தசைப் பையை நினைப்பதில்லை. நிமிஷத்துக்கு 120 துடிப்பு என்று மட்டாக வைத்துக்கொண்டாலும், 25 மணி 36 நிமிஷத்தில் அது 1,84,320 முறை சுருங்கி விரிந்திருக்க வேண்டும்; அமைதியாக நிமிஷத்துக்கு 70 முறை துடிக்கும் ஓர் இருதயமோ ஒரு நாள் முழுவதிலும் 1,00,800 முறைதான் துடிக்கிறது. இனி தனுஷ்கோடி அமைந்துள்ள அதே இராமேசுவரம் தீவில், இராமர் பாதத்தைத் தரிசிக்கும் ஆவலோடு கந்தமாதன பர்வதத்தின் படிகளில் ஏறும் யாத்திரிகர்களை நோக்கினால், மலை என்ற பெயர் பெற்ற அந்த மணல்மேட்டின் பாதி உயரத்திலேயே கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, நெஞ்சு படபடக்க, மூச்சு வாங்கி நிற்பவர் சிலரேனும் இருப்பர். இவர்களுள் பலர் நோயாளிகள் அல்லர். உழைப்புக்குப் பழகாதவர்கள், அவ்வளவே. பழகிய இருதயத்துக்கும் பழகாத இருதயத்துக்கும் உள்ள வேற்றுமைதான் யாது?

பழகிய இருதயம் அதிக வேகமாகத் துடிக்க வல்லது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு மாறானது. ஒருவருடைய இருதயம் எட்டக்கூடிய உச்ச வேகத்தைப் பெரும்பாலும் வயதே நிர்ணயிக்கிறது. 220-இலிருந்து வயதைக் கழித்துக் கண்டுகொள்ளும் கணக்கு திட்டமானதன்று எனினும், சுமாரான அளவுக்கு அது போதும். 25 வயது நீச்சல் வீரனுடைய உச்சமும், அதே வயதுடைய கணக்கப்பிள்ளையின் உச்சமும் 190, 195 என்ற அளவில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பல ஆண்டுப் பயிற்சியினால் அது கூடுவதில்லை, சிறிது குறைந்தாலும் குறையும். ஆகவே வித்தியாசத்தை வேகத்தில் தேடுவது வீண்.

உழைப்புத் தொடங்கும்போது இருதயத்தில் நிகழ்வதை முதலில் கவனிப்போம். வலது மேலறையின் சுவரில், துடிப்புக்குப் பிறப்பிடமாகிய ஒரு சிறு திசுக்கணு இருக்கிறது. நரம்புகளின் ஆதிக்கம் ஏதுமின்றித் தன்போக்கில் விடப்பட்டால் அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிப்பை எழுப்பும். நாம் ஓய்ந்திருக்கையில் 70 முறைதான் துடிப்பதற்குக் காரணம், மூளையின் அடியிலிருந்து இறங்கிவரும் வேகஸ் என்ற நரம்பு அக்கணுவை இடைவிடாது அடக்கி வைப்பதே. நடக்கவோ நீந்தவோ தொடங்கிய கணத்தில், சில சமயம் தொடங்க வேண்டும் என்று எண்ணிய கணத்திலேயே, அவ்வடக்குமுறை தளர்கிறது. ஓரிரு துடிப்புகளுக்குள் வேகம் ஏறிவிடுகிறது. துடிப்பு 100-ஐ அணுகிய பிறகுதான், பரிவு நரம்புகளும் அட்ரினலின் என்னும் சுரப்பும் அதனை மேலும் விரைவுபடுத்தும் பொறுப்பைப் பெரிதும் மேற்கொள்கின்றன. ஓய்வில் தசைகளுக்குச் செல்வது மொத்த இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கடும் உழைப்பிலோ குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் குழாய்கள் குறுகி, ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே திருப்பப்படுகிறது. இவை யாவும் பழகியவனுக்கும் பழகாதவனுக்கும் பொதுவானவை. வேற்றுமை பிறப்பது ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு இரத்தத்தைச் சுமந்து செல்கிறது என்பதில்தான்.

இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் கிணற்று விளிம்பின்மேல் நின்று, வரிசையாக வருவோரின் தலையில் நீர் இறைத்து ஊற்றுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: சிறு வாளி வைத்திருப்பவர், பெரிய வாளிக்காரர் ஒரு முறை இறைக்கும் நீருக்கு இரண்டு முறை கயிறு இழுத்தாக வேண்டும். ஓய்ந்திருக்கும் சரீரத்துக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் வேண்டும். பழகாத இருதயம் துடிப்புக்கு 70 மில்லிலிட்டராக 70 முறை துடித்து இதைக் கொடுக்கிறது. பழகியது 100 மில்லிலிட்டராக 50 முறை துடித்தே கொடுத்துவிடுகிறது. மேட்டின்மேல் விரைந்து ஏறும்போது 12 லிட்டர் தேவைப்படுகிறது என்று கொண்டால், துடிப்புக்குத் தள்ளும் அளவைச் சற்று உயர்த்திக்கொண்டாலும் முன்னது 120 முறை துடிக்க வேண்டியிருக்கும். துடிப்புக்கு 150 மில்லிலிட்டர் தள்ள வல்ல பின்னதற்கு 80 போதும். உச்ச நிலையிலோ, துடிப்புக்கு 110 மில்லிலிட்டர் தள்ளும் இருதயம் 195 துடிப்பில் 21 லிட்டரோடு நின்றுவிடுகிறது. 180 மில்லிலிட்டர் தள்ளுவது 190 துடிப்பில் 34 லிட்டரைக் கொடுக்கிறது. அந்த 13 லிட்டர் வித்தியாசந்தான் ஒருவன் படியில் நிற்பதற்கும் மற்றவன் கடலைக் கடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உடல் முழுவதற்கும் இரத்தம் வழங்கும் இருதயம், தன் அறைகளில் நிறைந்துள்ள இரத்தத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள இயலாது. தன் புறத்தே படர்ந்துள்ள மெல்லிய தமனிகள் வாயிலாகவே அது போஷிக்கப்படுகிறது. இடது கீழறை இறுகச் சுருங்கும்போது அதன் சுவருக்குள் ஓடும் அக்குழாய்களும் நெருக்குண்டு விடுவதால், அச்சுவருக்கு வேண்டிய இரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் இடைவேளையில்தான் கிடைக்கிறது. 75 துடிப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.8 விநாடி, அதில் 0.5 விநாடி ஓய்வு. 180 துடிப்பிலோ சுற்று முழுவதும் 0.33 விநாடிதான்; அதில் ஓய்வுக்கு எஞ்சுவது 0.13 விநாடி அளவே. மற்ற அவயவங்கள் தம் வழியே செல்லும் இரத்தத்திலிருந்து பிராணவாயுவில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, இருதயத் தசையோ ஓய்விலேயே ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. ஆதலால் அதிகம் வேண்டுமானால் அதிக இரத்தம் வந்தால்தான் உண்டு. ஒரே காரியத்தை 120 துடிப்பில் செய்வதற்குப் பதில் 80 துடிப்பில் செய்யும் இருதயம், தன் வேலைப்பளுவைக் குறைத்துக்கொள்வதோடு தன் உணவுக்கான அவகாசத்தையும் நீட்டிக்கொள்கிறது. பயிற்சி இருதயத்துக்குக் கற்பிப்பது விரைவை அன்று, நிதானத்தை.

இந்நிதானம் எவ்வாறு வருகிறது? 1895-இல் ம்யூனிக்கில் ஆட்டோ ஃப்ராங்கும், முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஸ்டார்லிங்கும் ஆராய்ந்து நிறுவிய விதிப்படி, இருதயத் தசை எவ்வளவு விரிவடையும்படி நிரம்புகிறதோ அவ்வளவு வலுவோடு, ஓர் எல்லைக்குட்பட்டு, சுருங்குகிறது. ஒருவர் நாள்தோறும் நெடுநேரம் நடந்தோ நீந்தியோ உழைக்கத் தொடங்கினால், முதல் சில வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இருதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் மிகுவதால் அறைகள் நன்கு நிரம்புகின்றன. மாதங்களும் ஆண்டுகளும் செல்லச் செல்ல அறைகளே விசாலமடைகின்றன. பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களின் மார்பை விரலால் தட்டியே இருதயத்தின் எல்லையைக் கணித்து, அது சாதாரண அளவைவிடப் பெரிது என்று ஸ்வீடன் நாட்டு வைத்தியர் ஹென்ஷென் 1899-இல் எழுதியபோது, பெருத்த இருதயம் என்றாலே வியாதி என்று கருதிய மருத்துவ உலகம் நெடுங்காலம் கலங்கியது. நோயினால் பெருத்த இருதயம் வலுவிழக்கிறது. பயிற்சியினால் பெருத்ததோ வலுப்பெறுகிறது, பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய அளவை நோக்கிச் சுருங்கவும் செய்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஓய்வில் துடிப்புக் குறைவதற்கு வேகஸ் நரம்பின் செல்வாக்கு மட்டுமே காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பயிற்சி பெற்ற எலிகளில் துடிப்பைப் பிறப்பிக்கும் கணுவே மாறுதல் அடைந்திருப்பதைக் காட்டிற்று.

உழைப்பெல்லாம் ஒரே வகையினதன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் தை மாசிக்குமேல் பதநீர்ப் பருவத்தில், தளைநாரில் பாதங்களைக் கோத்து, காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறிப் பாளை சீவும் பனையேறியின் வேலையில் இரண்டு கூறுகள் கலந்துள்ளன. கைகால்கள் மாறி மாறி அசையும் ஏற்றம் ஒன்று. மரத்தின் உச்சியில் உடலின் பாரத்தைத் தாங்கியவாறு அசையாமல் இறுகி நிற்பது மற்றொன்று. முன்னது இருதயத்துக்கு மிகுந்த இரத்தத்தைத் திருப்பி அனுப்பி அறைகளை விசாலமாக்கும் இயல்புடையது. பின்னது தசைகளுக்குள் குழாய்களை நெருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால், அவ்வழுத்தத்தை எதிர்த்துத் தள்ளவேண்டிய கீழறைச் சுவரைத் தடிப்பாக்கும் இயல்புடையது. ஓட்டக்காரர்களையும் மல்லர்களையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் மார்கன்ராத் என்பவர் 1975-இல் வகுத்துக் காட்டிய பாகுபாடு இதுவே. எனினும் வாழ்க்கைத் தொழில்கள் எவையும் இவ்விரண்டில் ஒன்றாக முற்றிலும் பிரிந்து நிற்பதில்லை. கரைவலையின் கயிற்றைப் பிடித்து ஒரு வரிசையாக மணலில் பின்னோக்கி நடந்து இழுக்கிறவர்களிடத்திலும் நடையும் இறுக்கமும் ஒருங்கே காணப்படுகின்றன.

இக்கரையின் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் உப்புக் காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலராதிருக்கையில், உடற்சூட்டை வெளியேற்றுவதற்கென்று இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குச் சென்றாக வேண்டும். வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறைகிறது. இவ்விரு காரணத்தாலும் இருதயம் துடிப்புக்குத் தள்ளும் அளவு சுருங்க, அக்குறையை வேகத்தால் ஈடுசெய்ய நேர்கிறது. ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருந்தாலும் நேரம் ஆக ஆக நாடி ஏறிக்கொண்டே போவது இதனால்தான். உழைப்பிலும் வெயிலிலும் பழகிய உடல் முன்னதாகவே வியர்க்கத் தொடங்குகிறது. இரத்த நீரும் அதற்கு அதிகம் உண்டு. வடக்கேயிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்து, பட்டினியோடு தீர்த்தமாடி, உச்சி வெயிலில் மணலில் நடக்கும் முதியவருக்கு இவ்வனுகூலங்கள் ஒன்றும் இல்லை.

நிலத்தில் நிகழ்வது இவ்வாறிருக்க, நீருக்குள் இருதயத்தின் நடத்தை விசித்திரமானது. கழுத்தளவு நீரில் நின்றாலே, கால்களையும் வயிற்றையும் சூழ்ந்த நீரின் அழுத்தத்தால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் மார்புக்கு ஏறிவிடுகிறது. அறைகள் நன்கு நிரம்புகின்றன. ஒவ்வொரு துடிப்பும் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. படுத்த நிலையில் நீந்துகிறவனுடைய உச்சத் துடிப்பு, ஓடுகிறவனுடைய உச்சத்தைவிட ஏறத்தாழ 10 குறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூச்சை அடக்கி மூழ்கிவிட்டாலோ, முகத்தில் நீர் பட்ட உணர்ச்சி அங்குள்ள உணர்ச்சி நரம்பின் வழியே மூளைக்கு எட்டி, அங்கிருந்து வேகஸ் நரம்பு இருதயத்தை அடக்குகிறது; கைகால்களின் குழாய்கள் குறுகி, உள்ள பிராணவாயு மூளைக்கும் இருதயத்துக்கும் என்று ஒதுக்கி வைக்கப்படுகிறது. வாத்துகளில் இதை 1870-ஆம் ஆண்டளவிலேயே பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் கண்டிருந்தார்.

மன்னார் வளைகுடாவில் கல்லின் பாரத்தோடு கயிற்றைப் பற்றி இறங்கி முத்துக் குளித்தவர்களும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கங்களில் சங்கு குளித்து வந்தவர்களும், இன்றும் பாம்பன், சின்னப்பாலம் முதலிய இடங்களிலிருந்து படகேறித் தீவுகளின் ஓரம் சென்று, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவாசக் கருவி ஏதுமின்றி மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை முதலிய பாசிகளைப் பறிக்கும் பெண்களும் இவ்வியல்பைக் கொண்டே பிழைப்பவர்கள். இவர்களுடைய இருதயத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு எதிரிடையான கட்டளைகள் வருகின்றன: நீரை உதைத்து இறங்கிப் பாறையைப் பற்றிப் பாசியை இழுக்கும் தசைகள் அதிகம் துடி என்கின்றன, அடங்கிய மூச்சும் நனைந்த முகமும் குறைவாகத் துடி என்கின்றன. வெல்வது பின்னது. ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணையில் முத்துச்சிப்பி எடுப்பவர்களை ஆராய்ந்து ஷோலாண்டரும் அவர் தோழர்களும் 1962-இல் வெளியிட்டது இதையே: மூழ்கிய உழைப்பாளியின் நாடி தணிகிறது, தசைகளில் சேர்ந்த லாக்டிக் அமிலம் மேலே வந்து மூச்சு விட்ட பிறகுதான் இரத்தத்தில் பெருகுகிறது. கொரியா, ஜப்பான் நாட்டு மூழ்கும் பெண்களை ஹாங், ரான் என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, மூழ்குமுன் 100-ஐ ஒட்டியிருந்த துடிப்பு அரை நிமிஷத்துக்குள் 60-ஐ ஒட்டித் தணிந்ததைக் கண்டார்கள். மூழ்கிப் பழகியவர்களிடத்தில் இத்தணிவு மற்றவர்களைவிட மிகுதி; குளிர்ந்த நீரில் அது இன்னும் மிகுதி. ஒவ்வொரு மூழ்கலுக்கும் பிறகு தலையை வெளியே வைத்துச் சற்று நேரம் மிதந்திருப்பது சோம்பல் அன்று. தசைகள் பட்ட கடனை இருதயம் அப்போதுதான் தீர்க்கிறது. மூழ்குமுன் வேகவேகமாக மூச்செறிவதோ ஆபத்து. கரியமிலவாயு குறைந்து மூச்சுத் தவிப்பு பிந்தி வருவதால், மேலே வரவேண்டும் என்ற எண்ணம் எழுமுன்பே நினைவு தப்பிவிடலாம்.

இவ்வளவு வல்லமையும் ஒரு முறை பெற்றால் என்றும் நிலைக்கக் கூடியதா? 1966-இல், மிஹிர் சென் நீரிணையைக் கடந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது நிரம்பிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் இருக்கச் செய்து சோதித்தார்கள். அக்குறுகிய காலத்தில் அவர்களுடைய உச்ச உழைப்புத் திறனில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. துடிப்புக்குத் தள்ளும் இரத்தத்தின் அளவு சுருங்கியதே அதற்கு முதன்மையான காரணம். பின்னர் இரண்டு மாதப் பயிற்சி இழந்ததை மீட்டுக் கொடுத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில் அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களுக்கு விளைத்த நஷ்டத்தைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை விளைத்த நஷ்டமே பெரிதாக இருந்தது. பழகியவர், பழகாதவர் என்பவை பிறவியில் அமைந்த இரண்டு ஜாதிகள் அல்ல. பரம்பரை ஓரளவு உதவலாம், ஆயினும் சென்ற சில மாதங்களில் என்ன செய்தோம் என்பதையே இருதயம் முக்கியமாகக் கணக்கில் கொள்கிறது.

ஆகவே இக்கரையோர மக்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. துடுப்பின் இடத்தை இயந்திரமும், வலை இழுக்கும் கைகளின் இடத்தை வின்ச்சும் பற்றிக்கொண்டுவிட்ட காலத்தில், கடலோடி என்ற பெயர் மட்டும் ஒருவருடைய இருதயத்தைக் காப்பதில்லை. லண்டன் நகரத்து இரண்டடுக்குப் பஸ்களில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டுபவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று ஜெரமி மாரிஸ் 1953-இல் எடுத்துக் காட்டியது, ஒரே பஸ்ஸில், ஒரே காற்றைச் சுவாசித்து, ஒரே முதலாளியிடம் வேலை செய்தவர்களைப் பற்றித்தான்.

தன் நிலையை அறிய விரும்புபவர் காலையில் கண் விழித்ததும், படுக்கையிலிருந்து எழுமுன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். பிறகு நாள்தோறும், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் அரைமணி நேரம் நடந்து வந்து, சில மாதங்களில் அவ்வெண் இறங்கி வருவதைக் கண்டால், அவருடைய இருதயம் துடிப்புக்கு அதிக இரத்தம் தள்ளக் கற்றுக்கொண்டு வருகிறது என்று கொள்ளலாம். உழைப்பை நிறுத்திய முதல் நிமிஷத்தில் நாடி எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதும் நல்ல அடையாளமே. ஆனால் பயிற்சியே இல்லாத ஒருவருக்கு, அதிலும் முதியவருக்கு, தலைசுற்றலோடு நாடி 50-க்குக் கீழே செல்லுமாயின் அது நிதானம் அன்று, வியாதியாக இருக்கலாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்குப் பரவும் வலியோ தோன்றினாலும் வைத்தியரை நாடுவதே முறை. நெடுங்காலம் அசையாதிருந்தவர், ஒரே நாளில் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் மேட்டையும் முடித்துவிட வேண்டும் என்று விரைவதைவிட, புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே தம் ஊர்த் தெருவில் நடக்கத் தொடங்குவது மேலான யாத்திரை ஆயத்தம்.

இருதயம் பயிற்சிக்கு இவ்வளவு தூரம் வளைந்து கொடுக்க, அதற்குப் பிராணவாயுவைத் தரும் சுவாசப்பைகளோ, வளர்ந்த மனிதனிடத்தில் எவ்வளவு பயின்றாலும் அளவில் மிகச் சிறிதே மாறுகின்றன. அப்படியானால் 34 லிட்டர் இரத்தம் நிமிஷந்தோறும் அவற்றின் வழியே விரையும்போது, அவ்வளவுக்கும் போதிய பிராணவாயுவை அவை எவ்வாறு ஏற்றி அனுப்புகின்றன என்பதை அடுத்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.